துணிக்கொடியா, வளையமா: அடுக்குமாடியில் கண்ணில் படாத சிற்றலை ஏரியல்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு துணிக்கொடிகள் இருக்கின்றன. ஐந்தில் துணி மட்டும் காய்கிறது. ஆறாவதில் துணியும் காய்கிறது, சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலியும் கேட்கிறது. இந்த விஷயம் தெரிந்தவர்கள் கட்டடத்திலேயே நாலு பேர்தான்: நான், என் மனைவி, வாட்ச்மேன், அசோசியேஷன் செயலாளர்.

செயலாளருக்குத் தெரிந்தது இப்போதைய கொடியால் இல்லை, அதற்கு முன்னால் நான் கட்டிய ஒன்றால். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டினார்.

"சார், மாடில ஏதோ கம்பி இழுத்திருக்கீங்களாமே? செல் டவர் மாதிரியா? ரேடியேஷன் வருமான்னு மூணாவது மாடி மாமி கேக்கறாங்க."

"இது வாங்கறது மட்டும்தான் சார், எதையும் அனுப்பாது. டிரான்சிஸ்டர்ல குச்சி இருக்குமே, அதே வேலைதான்."

"அப்ப அந்தக் குச்சியே போதாதா?"

நல்ல கேள்வி. ஏரியல் கட்டக் கிளம்பும் எல்லாரும் முதலில் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுதான். குச்சி போதாமல் போவதற்கு அதன் நீளம் காரணமில்லை, அது இருக்கும் இடம்தான் காரணம். சிற்றலையில், குறிப்பாக 15 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, வெளியிலிருந்து வரும் இரைச்சல் ரேடியோவின் சொந்த இரைச்சலை எளிதாக மூழ்கடித்துவிடும். அந்த நிலையில் கம்பியை இரண்டு மடங்கு நீட்டினால் நிலையமும் கூடும், இரைச்சலும் அதே அளவு கூடும். காதுக்கு ஒரு லாபமும் இல்லை.

என் தாத்தா வீட்டில் வால்வு ரேடியோ இருந்தது. அதற்கு ஏரியல் என்பது கூடத்தில் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய செம்பு வலை நாடா. வீட்டுக்குள்ளேயே கட்டி இலங்கையும் லண்டனும் கேட்டார்கள். அன்று அந்த வீட்டில் இருந்தவை நாலு குண்டு பல்பும் ஒரு சீலிங் ஃபேனும். இன்று என் வீட்டில் எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், வைஃபை பெட்டி, இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ், ரிமோட்டில் ஓடும் மின்விசிறி. ஒவ்வொன்றுக்கும் உள்ளே மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் ஒரு ஸ்விட்சிங் பவர் சப்ளை, ஒவ்வொன்றும் சிற்றலை முழுக்கக் கொரகொரப்பைத் தெளிக்கும். பிபிசி தமிழோசை 2017-இல் வானொலியில் நின்றுபோனதும் பலர் சிற்றலைப் பெட்டியைப் பரணில் போட்டார்கள். மிச்சம் இருந்த எங்களைப் போன்றவர்களை விரட்டிக்கொண்டிருப்பது இந்தக் கொரகொரப்பு.

அதனால் எந்த ஏரியல் என்று யோசிக்கும் முன், எங்கே என்பதை முடிவுசெய்யுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவை எடுத்துக்கொண்டு வீடு, பால்கனி, படிக்கட்டு, மாடி என்று நடக்க வேண்டும். நான் சோதனைக்கு வைத்துக்கொள்வது 10 மெகாஹெர்ட்ஸ். சீனாவின் பிபிஎம் நேர நிலையம் அதில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், நிகழ்ச்சி மாறுகிற தொல்லை இல்லை. டெக்சன் ரேடியோக்கள் சிலவற்றில் திரையில் இரண்டு எண்கள் வரும்: ஒன்று அலையின் வலிமை, மற்றது இரைச்சலுக்கு மேல் நிலையம் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது. எல்லாரும் முதல் எண்ணைப் பார்த்து ஏமாறுவார்கள். என் கூடத்தில் முதல் எண் கொழுத்திருக்கும், ஆனால் டிக் ஒன்றுகூடக் கேட்காது. மாடியின் வடகிழக்கு மூலைக்குப் போனால் முதல் எண் இளைத்துவிடும், இரண்டாவது ஏறும், டிக் டிக் தெளிவாக வரும். லிஃப்ட் மோட்டார் அறையை நெருங்கினால் எல்லாம் போச்சு.

இன்னொரு சோதனையை மின்வாரியமே இலவசமாக நடத்திக் கொடுக்கும். கரண்ட் போனதும் ரேடியோவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுங்கள். தெருவே அணைந்த அந்தச் சில நிமிடங்களில் கேட்பதுதான் உங்கள் இடத்தின் உண்மையான வானம். பக்கத்துக் கட்டட ஜெனரேட்டரும் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் எழுந்துவிட்டால் கதை முடிந்தது, ஆகவே சீக்கிரம். அந்த நேரத்தில் கேட்டதற்கும் சாதாரண நாளில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிதென்றால், உங்கள் எதிரி தெருவுக்குள்ளேயே இருக்கிறான் என்று பொருள். இடமும் ஏரியல் வகையும் அங்கிருந்துதான் தீர்மானமாகும்.

மாடி உங்களுக்குத் திறந்திருக்கிறது, அங்கே அமைதியான மூலை ஒன்றும் இருக்கிறது என்றால் என் ஓட்டு துணிக்கொடிக்கு. மேலே பிளாஸ்டிக் பூசிய இரும்புக் கொடிக்கம்பி பாத்திரக்கடையிலும் ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். 12 முதல் 18 மீட்டர் நீளம் போதும். செம்பு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரும்பின் மின்தடையால் ஆகும் இழப்பு நிலையத்துக்கும் இரைச்சலுக்கும் சமமாகவே ஆகும், கேட்பதற்கு மட்டும் கட்டுகிற ஏரியலில் அது உறுத்தாது. பிளாஸ்டிக் உறை இருப்பதால் ஈரத் துணி கம்பியைத் தொடுவதும் இல்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா அதில் ஏழு புடவைகளைச் சொட்டச் சொட்டப் போட்டிருந்தார். கீழே வந்து ரேடியோவைப் போட்டேன். டிக் டிக் அப்படியே இருந்தது. கம்பி தொய்ந்ததுதான் மிச்சம்.

நுணுக்கம் முழுக்கக் கம்பியின் முனையில்தான். ஒரு முனையில் மட்டும் இணைக்கும் நீளக் கம்பியின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) சில நூறு ஓம்கள். கீழே இறங்கும் கேபிளுக்கோ 50 அல்லது 75 ஓம். நடுவே மின்மறுப்பை ஒன்பதில் ஒன்றாக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், சுற்று விகிதம் மூன்று என்றால் அதன் வர்க்கம்தான் இந்த ஒன்பது. சுண்டுவிரல் நகம் அளவு பிஎன்-73-202 என்ற இரட்டைத் துளை ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள கறுப்புப் பீங்கான்) கரு ஒன்றை வாங்கி, ஏரியல் பக்கம் 6 சுற்று, கேபிள் பக்கம் 2 சுற்று, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகச் சுற்றினால் முடிந்தது. மோட்டார் வைண்டிங் கடையில் குப்பையில் போடுகிற எனாமல் கம்பித் துண்டே போதும். இணையத்தில் விற்கும் ஆயத்த டப்பாக்கள் பலவற்றில் இரண்டு பக்கமும் உள்ளே ஒரே தரையில் கட்டப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் வீட்டு இரைச்சல் கேபிளின் வெளிப்பின்னல் வழியே மாடிக்கு ஏறி, கம்பியில் புகுந்து, திரும்ப ரேடியோவுக்கே இறங்கும். மாடியில் கட்டியும் கூடத்தில் கட்டியது போலவே கேட்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். தனித்தனிச் சுற்று அந்த வழியை அடைத்துவிடும். ரேடியோ பக்கத்து முனையில் ஃபெரைட் கிளிப் நாலைந்தை வரிசையாக மாட்டினால் இன்னும் நல்லது.

ஏரியல் பக்கச் சுற்றின் மறுமுனைக்கு ஒரு எதிர்க்கம்பி தேவை. கைப்பிடிச் சுவரின் அடியோடு ஆறேழு மீட்டர் சாதாரண ஒயரைப் போட்டுவிட்டேன், பெருக்குகிறவர்கூட அதைக் கவனிப்பதில்லை. வீட்டு மூன்று முள் பிளக்கின் எர்த்தில் மட்டும் இதை இணைக்காதீர்கள். கட்டடத்தின் கொரகொரப்பு மொத்தத்தையும் கொண்டுவந்து கொட்டுகிற குழாய் அது.

டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருப்பது மின்கடையில் விற்கும் வெள்ளை பிவிசி ஜங்ஷன் பெட்டிக்குள். மாடியில் அந்தப் பெட்டியைப் பார்க்கிறவர்கள் விளக்குக்கு வைத்தது என்று நினைத்துக்கொள்வார்கள். கீழே இறங்குவது டிடிஎச்சுக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள். 75 ஓம் என்று முகம் சுளிக்க வேண்டாம், கேட்பதற்கு அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை, 30 மீட்டர் ஓடினாலும் இந்த அலைவரிசைகளில் இழப்பு அற்பம். எங்கள் கட்டடத்தின் பின்சுவரில் ஏற்கனவே பதினைந்து கறுப்புக் கேபிள்கள் தொங்குகின்றன, பாதிக்கு மேல் எந்த வீட்டுக்கும் போகாத பழைய இணைப்புகள். பதினாறாவதை யார் எண்ணப் போகிறார்கள்? கண்ணில் படாமல் இருப்பதற்கு மெல்லிய கம்பியைத் தேடி அலைவதைவிட, ஏற்கனவே அங்கே இருக்கும் பொருளின் வேஷத்தைப் போட்டுக்கொள்வது சுலபம்.

குறை இல்லாமல் இல்லை. கொடி ஆளுயரத்தில்தான் இருக்க முடியும். அதற்குக் கீழே மாடித் தளத்தின் கான்கிரீட், கான்கிரீட்டுக்குள் கம்பி. அதனால் தூரத்து நிலையங்களின் தாழ்வான கோண அலைகள் கொஞ்சம் அடிபடும். கடலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் மாடியில் இரும்பும் செம்பும் சேரும் இணைப்பு ஒரே மழைக்காலத்தில் பச்சையும் துருவுமாகக் கரைந்தது. இப்போது திருகு இணைப்பியில் இறுக்கி, மேலே எம்-சீல் அப்பியிருக்கிறேன்.

செயலாளரைக் கதவு தட்ட வைத்த முந்தைய ஏரியல், இருமுனை (டைபோல்). புத்தகங்கள் முதலில் சொல்லித் தருவது அதைத்தான். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 31 மீட்டர் அலைவரிசைக்கு, 9.6 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால், சுமார் 15 மீட்டர். நடுவில் வெட்டி அங்கே கேபிளை இணைக்க வேண்டும். இரண்டு கையும் சமம் என்பதால் ஒழுங்காகக் கட்டினால் கொடியைவிட இது அமைதி, அந்த அலைவரிசையில் கூர்மை. கேட்டவரைக்கும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மறைக்க முடியாது. கம்பியை எவ்வளவு மெலிதாக்கினாலும் நடுவில் தொங்குகிற கேபிளை ஆகாயத்தில் எங்கே ஒளிப்பது? நான் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எனாமல் கம்பியில் கட்டினேன். பத்தடி தள்ளி நின்றால் கம்பி தெரியாது, நடுவே கறுப்பாக ஒரு கயிறு மட்டும் அந்தரத்தில் தொங்கும். மாமிக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை.

அந்தக் கம்பி அறுந்ததும் என் தப்புத்தான். தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போகும்போது அதில் மாட்டி இழுத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத கம்பியைத் தலை உயரத்தில் கட்டிவைத்தது நான், அவர் அல்ல. அது ஏணியோடு போனது, கழுத்தில் மாட்டவில்லை. அன்றிலிருந்து என் விதி: எனாமல் கம்பி என்றால் எட்டடிக்கு மேலே, அல்லது சுவரோடு சுவராக. ஆள் நடக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். பட்டம் விடும் பருவத்தில் நூல் சிக்குவது வேறு. சொந்த மாடி, உயரத்தில் கட்ட இரண்டு தூண்கள், கேட்க ஆளில்லை என்றால் மட்டும் இருமுனையைக் கட்டுங்கள்.

மாடிக்கதவு பூட்டியே கிடக்கும் கட்டடங்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு மிச்சம் பால்கனி. அங்கே நீளக் கம்பியை நினைக்கவே கூடாது, இரைச்சலின் மடியிலேயே படுக்க வைப்பது போல அது. அங்கே வேண்டியது சிறு வளையம். சுமார் ஒரு மீட்டர் விட்டம், கூடவே ஒரு பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்). வளையம் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. கிட்டத்தில் இருக்கும் இரைச்சல் மூலங்கள் பலவற்றின் மின்புலம் அதைக் குச்சியைப் போல உலுக்காது. அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு: வளையத்தின் முகத்துக்கு நேர்திசையில் அதற்குக் காது கேட்காது. திருப்பித் திருப்பி அந்தச் செவிட்டுத் திசையை எதிர்வீட்டு இன்வெர்ட்டரை நோக்கி வைத்தால் கொரகொரப்பு தடாலென்று விழும். வானத்திலிருந்து வளைந்து இறங்கும் தூரத்து நிலையம் அவ்வளவாகக் குறையாது. இந்த ஒரு வேலையைக் கொடி எந்த ஜென்மத்திலும் செய்யாது.

மலிவான எம்எல்ஏ-30 வகைச் சீன வளையம் இணையத்தில் கிடைக்கிறது. நண்பர் ஒருவர் வாங்கினார், நான் போய் மாட்டிக் கொடுத்தேன். இரண்டு விஷயத்தில் கோட்டைவிட்டோம். ஒன்று, வளையத்தைப் பால்கனியின் இரும்பு கிரில்லிலேயே கட்டியது. கிரில்லின் மூடிய இரும்புக் கட்டங்கள் வளையத்தின் புலத்தைத் தின்றுவிடும். அரை மீட்டர் உள்ளே தள்ளி, பிவிசி குழாயில் நிறுத்தியதும் உயிர் வந்தது. மற்றொன்று, பெருக்கிக்குச் செல்போன் சார்ஜரில் மின்சாரம் கொடுத்தது. இரைச்சலிலிருந்து தப்பிக்க வாங்கிய பொருளுக்கு இரைச்சலையே சாப்பாடாகப் போட்டிருக்கிறோம்! யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரியை, வோல்டேஜைக் குறைக்கும் சாதாரண, ஸ்விட்சிங் இல்லாத ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்த பிறகு சரியானது. மறைக்கும் வேலையை மணிபிளான்ட் பார்த்துக்கொள்கிறது. பிவிசி குழாயில் அந்தச் செடியை நண்பர் படரவிட்டிருக்கிறார், வெளியிலிருந்து பார்த்தால் செடிக்கு வைத்த வளைவு.

வளையத்துக்கும் கொடிக்கும் நேர்ப்போட்டி வைத்தால்? அமைதியான மாடியில் கொடி ஜெயிக்கும். இரைச்சலான பால்கனியில் வளையம் ஜெயிக்கும். அமைதியான மாடியில் வளையத்தை வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் வளையத்துக்கு அங்கே வேஷம் இல்லை.

மினிவிப் என்ற குட்டி ஏரியலைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நெதர்லாந்தின் ரூலோஃப் பாக்கர் வடிவமைத்தது, தீப்பெட்டி அளவு செம்புத் தகடும் ஒரு பெருக்கியும். இணையம் வழியே யார் வேண்டுமானாலும் திருகிக் கேட்கக்கூடிய, ட்வென்டே பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற சிற்றலை ரேடியோ வேலை செய்வது இதை வைத்துத்தான். அதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் இதன் மேல் ஆசைப்படுகிறார்கள். ஒளிப்பதற்கு இதைவிடச் சுலபமானது கிடையாது, மூடி போட்ட பிவிசி குழாய்க்குள் அடங்கிவிடும், மழைநீர்க் குழாயின் காற்றுப்போக்கி என்று நினைப்பார்கள். ஆனால் அந்தத் தகடு தனியாக வேலை செய்வதில்லை, கீழே இறங்கும் கேபிளின் வெளிப்பின்னலும் ஏரியலின் மறுபாதி ஆகிவிடுகிறது. பின்னல் உங்கள் கூடத்துக்குள் வந்தால் கூடத்தின் குப்பை மாடிக்குப் போகும். கேபிளை நுழைவிடத்தில் நல்ல எர்த்தில் கட்டி, வழியெல்லாம் ஃபெரைட் மாட்டினால் அருமை. நாலாவது மாடி வாடகை வீட்டில் அந்த நல்ல எர்த்துக்கு எங்கே போவது? அடுக்குமாடிக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

தனி வீடு, சுற்றிலும் மண் என்றால் கணக்கே வேறு. செங்கல்பட்டுப் பக்கம் அக்கா வீட்டுத் தோட்டத்தில் தரையிலேயே ஒரு வளையம் போட்டிருக்கிறேன். மொத்தச் சுற்றளவு 18 மீட்டர், பக்கத்துக்கு நாலரை மீட்டர் சதுரம், உறை போட்ட சாதாரண ஒயர், புல்லுக்கு அடியில் ஆணி வளைத்துக் குத்தியது. ஏரியல் தரையில் கிடந்தால் என்ன கேட்கும் என்று நானும் சிரித்தவன்தான். முதல் முறை போட்டபோது ரேடியோ செத்துவிட்டதா என்று தோன்றியது, அத்தனை அமைதி. நிலையத்துக்கு வந்ததும் குரல் மட்டும் எழுந்தது. அலை மெலிதாகத்தான் வரும், சில ரேடியோக்களுக்கு முன்பெருக்கி வேண்டியிருக்கும். இரவில் 49, 41, 31 மீட்டர் அலைவரிசைகளுக்கு இது பிரமாதம். பகலில் 16 மீட்டர், 13 மீட்டர் கேட்பவர்களுக்குப் போதாது. எலி ஒரு முறை கடித்தது. அக்காவுக்கு அது அங்கே இருப்பதே மறந்துவிட்டது. மறைவு என்ற ஒரே அளவுகோலில் மார்க் போட்டால் முதல் பரிசு இதற்குத்தான்.

எதைக் கட்டினாலும் ரேடியோ அதைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். கையடக்க ரேடியோக்கள் குச்சிக்காகச் செய்யப்பட்டவை. 15 மீட்டர் கம்பியை மாட்டினால் பக்கத்து மீடியம் வேவ் நிலையம் உள்ளே புகுந்து, சிற்றலையில் இல்லாத இடத்திலெல்லாம் நம்மூர் நிகழ்ச்சி கேட்கும். சென்னையில் 720 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடிப் பக்கம் 1053. 9 மெகாஹெர்ட்ஸில் உள்ளூர்க் குரல் கேட்டால் புது நிலையம் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிக்க வேண்டாம். உணர்திறனை 'லோக்கல்' என்று குறைத்துப் பாருங்கள், மறைந்தால் அது பேய்.

இனி இடி. இதில் விளையாட்டே கிடையாது. ஏப்ரல், மே கோடை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நான் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே பால்கனியில் போட்டுவிடுகிறேன். கேட்டு முடித்ததும் கழற்றுவது, மறுநாள் கேட்கும்போது மாட்டுவது, இதுவே பழக்கம். இடிச் சத்தம் கேட்ட பிறகு மாடிக்கு ஓடிக் கழற்றப் பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் மாடியில் நிற்பதே ஆபத்து. மின்வாரியக் கம்பி மேலே போகிற பக்கத்தில் எந்த ஏரியலையும் கட்டக்கூடாது. அறுந்தால் அதன் மேல் விழக்கூடிய தூரத்திலும் கூடாது. நீளக் கம்பியைக் கல்லில் கட்டி வீசுவது என்ற யோசனை வந்தால், அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போங்கள்.

ஒளிப்பது பற்றி ஒரு வார்த்தை. நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை, ஆனால் கேட்டவரிடம் மறைத்ததும் இல்லை. இருமுனையைக் கழற்றிய வாரமே செயலாளரை மாடிக்குக் கூப்பிட்டுப் புதுக் கொடியைக் காட்டினேன். ஜங்ஷன் பெட்டியைத் திறந்து பார்த்தார், உள்ளே விரல்நுனி அளவு கறுப்புக் கல்லும் சில சுற்றுக் கம்பியும். "இவ்ளோதானா?" என்றார். துணி போடலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

வாடகை வீடு, என்றைக்காவது காலி செய்ய வேண்டியதுதான். போகும்போது பெட்டியையும் கேபிளையும் மட்டும் கழற்றிக்கொள்வேன். கொடி அங்கேயே இருக்கட்டும், பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புடவை காயப்போட இடம் வேண்டுமே.